மரியா கோய்ரி: ஸ்பானியக் கதைப்பாடல்களைத் தேடிப் போன பெண்

வைகைக்கரை எழுதியது:

ஸ்பானிய இலக்கிய ஆய்வு என்று இங்கே எப்போது பேச்சு வந்தாலும் ரமோன் மெனென்டெஸ் பிதால் பெயரோடு நின்றுவிடுகிறது. அவர் பெரியவர்தான், அதில் சந்தேகமே இல்லை. இடைக்கால ஸ்பானிய வீரகாவியமான எல் சித்தைப் பதிப்பித்தார், ஸ்பானிய மொழிக்கு வரலாற்று இலக்கணம் எழுதினார், ஸ்பானிய அரச மொழிக் கழகத்துக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார். 1869இல் பிறந்து 1968இல், நூறு வயதைத் தொடச் சில மாதங்களே இருக்கும்போது மறைந்தார். ஆனால் வாய்மொழிக் கதைப்பாடல்களைத் திரட்டும் வேலை, அவர் வாழ்நாளில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்ட அந்த வேலை, எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால் அங்கே இன்னொருவர் நிற்கிறார். அவருடைய மனைவி மரியா கோய்ரி. அவருக்கென்று ஒரு தனி இழை வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

1873இல் மாத்ரித்தில் பிறந்தவர். தாய் அமாலியா கோய்ரி தனி ஆளாக வளர்த்தார். மகள் கடைசிவரை சுமந்தது தாயின் குடும்பப்பெயரைத்தான். வீட்டிலேயே முதல் படிப்பு, அப்புறம் பெண்கல்விச் சங்கத்தின் பள்ளி, ஆசிரியர் பயிற்சி, பல்கலைக்கழகம். 1900 மே மாதம் ரமோனோடு திருமணம்.

தேனிலவுக்கு இருவரும் தேர்ந்தெடுத்தது, எல் சித் காவியத்தில் நாடு கடத்தப்பட்ட நாயகன் போகும் பாதை. அந்த மாதம் 28ஆம் தேதி சூரிய கிரகணம். அதைப் பார்ப்பதற்காக ஓஸ்மாவில் தங்கினார்கள். அங்கே துணி துவைக்கும் ஒரு பெண்ணிடம் மரியா பேச்சுக் கொடுத்தார். தனக்குத் தெரிந்த ஒரு கதைப்பாடலைச் சொல்லிக் காட்டி, இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அது தெரியும், இன்னும் எத்தனையோ தெரியும் என்று சொல்லி அந்தப் பெண் பாட ஆரம்பித்தார். பாடியதில் ஒன்று எந்த அச்சுத் தொகுப்பிலும் இல்லாதது. ஹுவான் நோயில் படுத்திருக்கிறார் என்ற செய்தி ஸ்பெயின் முழுக்கப் பரவுகிறது என்று தொடங்கும் பாட்டு. கேட்கக் கேட்க மரியாவுக்குப் பிடிபட்டுவிட்டது. 1497இல் சலமாங்காவில் 19 வயதில் இறந்த இளவரசர் ஹுவானின் கதை அது. இசபெல் அரசிக்கும் ஃபெர்னாந்தோ அரசருக்கும் ஒரே மகன்.

ஸ்பெயினின் நடுப்பகுதியான காஸ்தில் பகுதியில் பழைய கதைப்பாடல்கள் மக்கள் வாயிலிருந்து மறைந்தே போய்விட்டன என்று அன்றைய அறிஞர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கை அன்றோடு உடைந்தது. உடைத்த கேள்வியைக் கேட்டது மரியா.

கீழவாசல் எழுதியது:

நல்ல இழை, வைகைக்கரை அண்ணா. ஆனால் ஒரு சந்தேகத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அந்தப் பாட்டைக் கேட்டபோது இருவருமே அங்கே இருந்தார்கள். ஏடுகளில் ஊறிய ரமோனுக்கு அது 1497 சம்பவம் என்று தெரியாமல் இருந்திருக்குமா? மறக்கப்பட்ட மனைவி என்ற கோணம் இப்போது எல்லா அறிஞர்களுக்கும் எழுதப்படுகிறது. சிலருக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தும், சிலருக்கு இழுத்துப் பொருத்துகிறார்கள். இங்கே சான்று என்ன?

வைகைக்கரை எழுதியது:

நியாயமான கேள்வி. என்னிடம் இருக்கும் பிடிமானங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பாட்டைக் கேட்டபோது இது எந்த இளவரசரின் சாவு என்று கண்டுகொண்டது மரியாதான் என்று எழுதி வைத்தவர் ரமோனே. மனைவியின் பங்கை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. மறைத்தது அவருக்குப் பின்னால் வந்த பாடநூல்கள்.

அடுத்தது, அந்தப் பாட்டைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1904இல் பிரான்சில் வெளிவரும் ஸ்பானிய ஆய்விதழ் ஒன்றில் வந்தது. கையெழுத்து மரியாவுடையது, ரமோனுடையது அல்ல.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது 1906, 1907இல் மரியா வெளியிட்ட ஒரு பட்டியல். வாய்மொழி மரபில் தேட வேண்டிய கதைப்பாடல்கள் எவை என்று கதைவாரியாக, அடையாளம் காட்டும் அடிகளோடு அச்சிட்டுக் கொடுத்தார். ஊர் ஆசிரியர், பாதிரியார், மருத்துவர் யாராக இருந்தாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழவியிடம் போய், பாட்டி, இந்த அடி உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கலாம். பாட்டுச் சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் நினைவுக்கு வராது. முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் மீதி தானாக வரும். ஓஸ்மாவில் மரியா செய்ததும் இதேதான். தான் ஒருமுறை செய்து பலித்ததை நூற்றுக்கணக்கானவர்கள் செய்யக்கூடிய வழிமுறையாக்கினார். களப்பணி என்று இன்று சொல்கிறோமே, அதன் கருவியை ஸ்பானிய மொழிக்குச் செய்து கொடுத்தவர் அவர்.

அப்புறம், இருவரும் திரட்டிய கதைப்பாடல்களின் மாபெரும் தொகுப்பின் முதல் மடலம் 1957இல் வந்தபோது தலைப்புப் பக்கத்தில் பாடல்களும் குறிப்புகளும் மரியா கோய்ரி, ரமோன் மெனென்டெஸ் பிதால் இருவருடையதும் என்று இருந்தது. மரியா பெயர் முதலில். அப்போது அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

கீழவாசல் எழுதியது:

சரி. 1904 கட்டுரையும் அந்தப் பட்டியலும் வலுவான சான்றுகள்தான். கதைப்பாடல் தொகுப்பைப் பொறுத்தவரை கூட்டு ஆசிரியர் என்பதை ஏற்கிறேன். மொழி வரலாறு, காவியப் பதிப்பு எல்லாவற்றிலும் அப்படியே சொல்ல முடியுமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

மலர்விழி_நூலகம் எழுதியது:

அதை யாரும் சொல்லவில்லையே கீழவாசல் சார். எல் சித் ஆய்வுக்கான கழகப் பரிசு ரமோனுக்குத் திருமணத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. அது அவருடைய உழைப்பு.

நான் கொஞ்சம் பின்னால் போய் அவருடைய படிப்பைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். அது தெரியாமல் மற்றதன் எடை புரியாது.

1888இல் ஸ்பெயினில் ஓர் அரசாணை. பெண் ஒருத்தி பல்கலைக்கழகத்தில் முறையாகச் சேர வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் அரசிடம் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். இந்தத் தடை நீங்கியது 1910 மார்ச்சில்தான். மரியா படித்தது இந்த இரண்டுக்கும் நடுவில். முதலில் வகுப்பில் உட்கார்ந்து கேட்க மட்டும் அனுமதி, பிறகு முறையான சேர்க்கை. மாணவர்களோடு தாழ்வாரத்தில் நிற்கக் கூடாது. பேராசிரியர் வந்து அழைத்துப் போய் வகுப்பில் தன் பக்கத்திலேயே உட்கார வைப்பார், முடிந்ததும் அவரே வெளியே கொண்டுவந்து விடுவார். இத்தனைக்கும் நடுவில் 1896இல் மெய்யியலும் இலக்கியமும் துறையில் பட்டம் வாங்கினார். ஸ்பெயினில் அந்தத் துறையில் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர்.

அதற்கு முன்பே, 1892இல், ஸ்பெயின், போர்த்துகல், அமெரிக்க நாடுகள் சேர்ந்த கல்வி மாநாடு மாத்ரித்தில் நடந்தது. எமிலியா பார்தோ பாசான் போன்ற பெரிய எழுத்தாளர்கள் பெண்கல்விக்காக வாதாடிய மேடை. அங்கே 19 வயது மரியாவும் எழுந்து பேசினார். பெண்களுக்கு எல்லாப் படிப்பும் வேண்டும் என்பது அவர் கட்சி.

முனைவர் பட்டம் 1909இல். தலைப்பைக் கேளுங்கள்: இறந்த பெண்ணுக்காக நடக்கும் வழக்கு. விருப்பமில்லாமல் வேறொருவனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் இறந்துபோகிறாள், காதலன் கல்லறையைத் திறக்கிறான், அவள் உயிரோடு எழுகிறாள், இப்போது அவள் யாருக்குச் சொந்தம் என்று கணவனும் காதலனும் வழக்காடுகிறார்கள். இந்தக் கதை கதைப்பாடலிலும் நாடகத்திலும் பிற நாட்டுக் கதைகளிலும் எப்படி எப்படி மாறி வருகிறது என்று ஒப்பிட்டு ஆராய்ந்தார். அதற்குள் மகள் ஹிமேனா பிறந்திருந்தாள். ஒரு மகனைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தும் இருந்தார். இதையெல்லாம் கடந்து அந்த ஆய்வேடு வந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

இளையநிலா எழுதியது:

அக்கா, அண்ணா எல்லோருக்கும் நன்றி. நான் ஸ்பானியம் இப்போதுதான் கற்கிறேன். இரண்டு கேள்விகள். இந்தக் கதைப்பாடல்களின் வடிவம் என்ன? 400 ஆண்டு பழைய சம்பவம் எழுத்தில் இல்லாமல் எப்படித் துல்லியமாக நிற்கும்? பாட்டு மாறிக்கொண்டே இருந்தால் அதை வரலாறு என்று எப்படி நம்புவது?

தாமிரபரணிக்காரர் எழுதியது:

தம்பி, வடிவம் எளிமையானது. எட்டு அசை கொண்ட அடிகள். இரட்டைப்படை அடிகளின் முடிவில் உயிரொலிகள் மட்டும் ஒத்துவர வேண்டும், மெய்யொலி எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஓர் ஒத்திசை பாட்டு முழுக்க நீளும். நினைவில் வைப்பதற்கு வசதி. பாடுகிறவர் ஒரு சொல்லை மறந்தாலும் ஓசை பொருந்தும் இன்னொரு சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது கேள்விதான் இந்த விஷயத்தின் நெஞ்சு. துல்லியமாக நிற்பதில்லை, மாறுகிறது. ஆனால் எது மாறுகிறது, எது நிற்கிறது என்பது விசித்திரம். இளவரசர் ஹுவான் பாட்டையே எடுத்துக்கொள்வோம். மருத்துவர்கள் வருகிறார்கள், ஒன்றும் ஆகாது என்கிறார்கள். கடைசியாக ஒரு மருத்துவர் வந்து நாடி பார்த்து, இன்னும் மூன்று மணி நேரம்தான் உயிர் இருக்கும், அதிலும் ஒன்றரை மணி கழிந்துவிட்டது என்கிறார். பல வடிவங்களில் அவர் பெயர் தே லா பர்ரா. அந்தப் பெயரில் ஒரு மருத்துவர் உண்மையிலேயே அந்தக் காலத்து அரசவையில் இருந்தார். பாடிய பெண்களுக்கு இளவரசர் யார் என்றே தெரியாது, எந்த ஆண்டு என்று தெரியாது. ஆனால் மருத்துவர் பெயர் நான்கு நூற்றாண்டு வாய்வழியாகவே வந்திருக்கிறது. கர்ப்பிணி மனைவியைப் பற்றிய கவலையும் பாட்டில் உண்டு. அதுவும் நடந்ததுதான். ஹுவான் இறந்தபோது மனைவி மார்கரெட் கர்ப்பமாக இருந்தார். குழந்தை இறந்தே பிறந்தது. அதனால்தான் பின்னால் ஸ்பானிய முடி ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குப் போனது. ஓர் அரச வம்சம் முடிந்த கதையை ஆற்றங்கரையில் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

இந்த அனுபவத்திலிருந்து ரமோன் ஒரு கொள்கை வகுத்தார். இத்தகைய கவிதை வேறுபாடுகளில்தான் வாழ்கிறது. ஒரு மூலப் பாடம், அதிலிருந்து கெட்டுப்போன படிகள் என்று பார்க்கக் கூடாது. பாடுகிற ஒவ்வொருவரும் அதை ஆக்குகிறார்கள். ஒரு காலத்தில் எங்கும் பதிவாகாமல் இருந்தாலும் அது இல்லை என்று பொருள் இல்லை, மறைந்து வாழ்கிறது. இதை எதிர்த்தவர்களும் நிறைய. ஒரு பெரிய கவிதைக்குப் பின்னால் படித்த ஒரு தனிக் கவிஞன் இருந்தே தீர வேண்டும் என்றார்கள். எல் சித் காவியத்தை வைத்து இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

சேகரிப்பின் பரப்பையும் சொல்லிவிடுகிறேன். 1905இல் தென்னமெரிக்கா போன ரமோன் அங்கேயும் கதைப்பாடல்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த நாடுகளில் இவை இல்லை என்று நினைத்திருந்தவர்களுக்கு அதுவே பதில். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் மொராக்கோவிலும் துருக்கிப் பேரரசின் ஊர்களிலும் இதே பாட்டுகளைப் பாதுகாத்து வந்திருந்தார்கள். மனுவேல் மன்ரிகே தே லாரா என்ற இசையறிஞர் அந்த ஊர்களுக்கெல்லாம் போய்ப் பாடலையும் மெட்டையும் எழுதி அனுப்பினார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி 1920இல் கிரனாதாவில். ரமோன் அங்கே பாட்டுத் தேடிப் போனபோது அல்பாய்சின், சாக்ரொமொந்தே குடியிருப்புகளில் கூடவே அலைந்து வழி காட்டியவர் 22 வயது இளைஞர் ஃபெதெரீகோ கார்சியா லோர்கா. அவர் பின்னால் அதே பழைய வடிவத்தில் புதுக் கவிதைகள் எழுதிப் புகழ்பெற்றார்.

இப்படி வந்த ஆயிரமாயிரம் தாள்களைக் கதைவாரியாகப் பிரித்து, எது எதன் வேறுபாடு என்று கண்டுபிடித்து அடுக்கிய வேலையில் பெரும்பங்கு மரியாவின் கையால் நடந்தது.

கீழவாசல் எழுதியது:

தாமிரபரணி ஐயா, இங்கேதான் எனக்கு ஒரு முரண் தெரிகிறது. வேறுபாடுகளில் வாழ்கிறது என்று சொன்னவரே 1928இல் பொதுவாசகர்களுக்காக ஒரு தொகுப்பு வெளியிட்டார். பல வடிவங்களிலிருந்து நல்ல அடிகளை எடுத்து இணைத்து, எந்தப் பாட்டியும் அப்படியே பாடாத பாட்டுகளை அச்சிட்டார். இன்றுவரை பள்ளிப் பிள்ளைகள் படிப்பது அந்த வடிவங்களைத்தான். நானும் மரபின் ஒரு கண்ணி, எனக்கும் மாற்றும் உரிமை உண்டு என்பது அவர் வாதம். ஒரு பாடகிக்கு அந்த வாதம் பொருந்தும். மொழிக் கழகத்தின் தலைவர் சொன்னால் அவர் வடிவமே மற்றதையெல்லாம் அழித்துவிடாதா?

வேறு சிலவும் உண்டு. எல் சித் காவியத்துக்கு உலகில் ஒரே ஒரு பழைய கைப்பிரதிதான். மங்கிய எழுத்தைப் படிப்பதற்காக அதன்மேல் ரசாயனம் தடவினார்கள், அவரும் தடவினார். அந்த இடங்கள் இன்று கறுத்துக் கிடக்கின்றன. காஸ்திலை ஸ்பெயினின் நடுநாயகமாக வைத்துப் பார்த்ததால் மற்ற பகுதிகள் ஓரத்துக்குப் போயின. அமெரிக்கப் பழங்குடிகளுக்காகக் குரல்கொடுத்த லாஸ் காசாஸ் பாதிரியாரை 1963இல் மனநோயாளி அளவுக்குச் சித்தரித்து ஒரு நூலே எழுதினார். என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

தாமிரபரணிக்காரர் எழுதியது:

லாஸ் காசாஸ் நூலைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வந்தபோதே கடும் எதிர்ப்பு எழுந்தது. ரசாயன விஷயமும் உண்மை. அன்று ஐரோப்பா முழுக்கக் கைப்பிரதிகளுக்கு அதைச் செய்தார்கள் என்பது விளக்கம்தான், ஆறுதல் இல்லை.

1928 தொகுப்பைப் பற்றி மட்டும் ஒன்று சொல்வேன். அது மக்களுக்கான புத்தகம். ஆவணத்தில் அவர்கள் கைவைக்கவில்லை. பாடியவர் பாடிய ஒவ்வொரு வடிவமும் தனித்தனித் தாளாக ஊர்ப்பெயரோடு இருக்கிறது. அதனால்தான் உங்களால் இன்று இரண்டையும் ஒப்பிட்டுக் குறை சொல்ல முடிகிறது.

மலர்விழி_நூலகம் எழுதியது:

போர்க்காலத்தைப் பற்றி யாரும் தொடவில்லை. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது மரியாவும் மகள் ஹிமேனாவும் சான் ரஃபாயெலில் இருந்தார்கள். பிறகு செகோவியா. இரண்டும் குடியரசை எதிர்த்துப் போரிட்ட ஃபிராங்கோ படையின் கையில். ரமோன் அந்த ஆண்டுக் கடைசியில் மாத்ரித்தை விட்டு பிரான்ஸ், கியூபா, நியூயார்க் என்று போய் 1939இல்தான் திரும்பினார். அந்த இடைவெளியில் மரியாவை அதிகாரிகள் கண்காணித்தார்கள். 1937இல் அவரைப் பற்றி எழுதப்பட்ட ஓர் அறிக்கை இப்போது கிடைக்கிறது. பெரும் திறமையும் படிப்பும் அசாதாரண ஆற்றலும் கொண்டவர், கணவரையும் பிள்ளைகளையும் கெடுத்தவர், ஸ்பெயினின் மிக ஆபத்தான ஆட்களில் ஒருவர், புரட்சியின் உறுதியான வேர்களில் ஒன்று என்று அதில் இருக்கிறது.

அந்த ஆபத்தான பெண் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்? பாட்டுத் தாள்களை அடுக்கினார். 1918இல் தொடங்கிய இன்ஸ்தித்தூதோ எஸ்குவேலா பள்ளியில் பிள்ளைகளுக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்தார். ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த பள்ளி. மனப்பாடத்தைக் குறைத்து மூல நூல்களைப் படிக்கவைத்த பள்ளி. மாணவர்களுக்காகப் பழைய கதைகளைத் தேர்ந்து பதிப்பித்தார். அவ்வளவுதான். ஆனால் அறிக்கை எழுதியவருக்கு அது போதுமானதாக இருந்தது.

போருக்குப் பின் எல்லாம் கலைந்தது. ரமோன் 1910லிருந்து நடத்திய வரலாற்று ஆய்வு மையம் மூடப்பட்டது. தோமாஸ் நவாரோ தோமாஸ், அமெரிக்கோ காஸ்த்ரோ போன்ற அவருடைய சகாக்கள் நாட்டை விட்டே போனார்கள். கழகத் தலைமையும் 1939இல் கைவிட்டுப் போய் 1947இல்தான் திரும்பியது. பள்ளியையும் மூடினார்கள். ஹிமேனா தோழியர் இருவரோடு 1940இல் வேறொரு பள்ளி தொடங்கி அந்த முறையை அமைதியாகத் தொடர்ந்தார். மரியா வீட்டில் இருந்துகொண்டே பழைய நாடகாசிரியர் லோபே தே வேகா பற்றியும் கதைப்பாடல்கள் பற்றியும் எழுதினார். அந்த நூல் 1953இல் வந்தது. அடுத்த ஆண்டு காலமானார்.

நெய்தல் எழுதியது:

முழுக்கப் படித்தேன். ஒன்றே ஒன்று உறுத்துகிறது. ஓஸ்மாவில் பாடிய அந்தப் பெண்ணின் பெயரை யாரும் எழுதவில்லை. இந்த இழையிலும் அவர் துணி துவைக்கும் பெண்தான். மரியா பெயர் விடுபட்டது என்று இவ்வளவு பேசுகிறோம்.

வைகைக்கரை எழுதியது:

உறுத்த வேண்டியதுதான், நெய்தல். ஊர்ப்பெயர் இருக்கிறது, நாள் ஏறக்குறைய இருக்கிறது, பாடல் முழுதாக இருக்கிறது, பாடியவர் பெயர் இல்லை. அன்று பாடுகிறவரை ஊற்றாக மட்டும் பார்த்தார்கள், ஆளாகப் பார்க்கவில்லை. பாடுகிற ஒவ்வொருவரும் ஆக்குகிறார் என்ற கொள்கையை முழுசாக எடுத்துக்கொண்டால் அந்தப் பெண்ணும் நூலாசிரியர்தான், அவர் பெயரும் தலைப்புப் பக்கத்துக்கு வர வேண்டியதுதான். பின்னால் இந்த நிலை மாறியது. அவர்களுடைய பேரன் தியேகோ காத்தலான் 1970களின் பிற்பாதியிலிருந்து மாணவர் குழுக்களைக் கிராமம் கிராமமாக ஒலிப்பதிவுக் கருவியோடு அனுப்பினார். அந்தப் பதிவுகளில் பாடியவர் பெயர், வயது, ஊர் எல்லாம் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாத்ரித்தின் சமார்த்தின் பகுதியில் ஒலிவ மரங்களுக்கு நடுவே இருந்த அவர்கள் வீட்டில்தான் ஆவணம் வளர்ந்தது. அந்தத் தெருவுக்கு இன்று மெனென்டெஸ் பிதால் பெயர். அறக்கட்டளைக்கும் அவர் பெயர்தான். மரியாவின் பெயரையும் சேர்த்து எழுதினால் ரமோன் மறுத்திருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இளையநிலா எழுதியது:

அண்ணா, எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? என் ஸ்பானியம் இன்னும் நடுத்தரம்தான்.

தாமிரபரணிக்காரர் எழுதியது:

1928 தொகுப்பிலிருந்தே தொடங்கு தம்பி. கீழவாசல் சொன்ன குறையைத் தெரிந்துகொண்டே படி. மொழி எளிது, அடிகள் சிறியவை. அப்புறம் இளவரசர் ஹுவான் பாட்டின் நாலைந்து வடிவங்களை வேறு வேறு மாகாணங்களிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள். மருத்துவர் எங்கே பெயரோடு வருகிறார், எங்கே பெயர் இல்லாமல் வருகிறார், மனைவி எங்கே பேசுகிறாள், எங்கே மயங்கி விழுகிறாள் என்று குறித்துக்கொண்டே வா. மரியா செய்த வேலை என்ன என்று கையில் பென்சிலோடு உட்கார்ந்தால்தான் தெரியும். ஏதாவது வடிவத்தில் சொல் புரியாமல் நின்றால் இங்கேயே போடு, சேர்ந்து பார்க்கலாம்.

கீழவாசல் எழுதியது:

எக்ஸ்த்ரெமதூரா வடிவம் ஏதாவது கிடைத்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மருத்துவர் பெயர் எப்படி வருகிறது என்று நானும் பார்க்க வேண்டும்.